இரண்டுக்கும் ஒரே கை

மகள் பறித்து முடித்த காப்பிச் செடியைப் பார்த்ததும் காளியாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிவப்பு, பச்சை, இலை, காம்பு எல்லாம் ஒன்றாகக் கூடையில் கிடந்தன. காம்பைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் திருகி எடுக்க வேண்டும். காம்பும் பிய்ந்து வந்தால் அடுத்த வருஷம் அந்தக் கணுவில் காய்ப்பு கெட்டுவிடும். கரடியூரில் இது தெரியாத பிள்ளை கிடையாது. ஒன்பது வயது தங்கம்மாவும் கேட்டால் தெளிவாகச் சொல்வாள். கைதான் சொன்ன பேச்சைக் கேட்காது.

"பறிச்சதா இது, மாடு மேஞ்சதா?" என்றார் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர். "இனிமே இவளக் கூட்டியாராத அம்மிணி."

காளியாயி மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த வேகத்தில் அவளுக்கே அழுகை வந்தது.

முந்தின நாள்தான் மூன்றாம் வகுப்பு டீச்சர் லூர்துசெல்வி கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "ரெண்டு வருசமா அதே கிளாஸு. எழுத்தே வரலம்மா. பேசாம நிறுத்திப்போட்டு, பழம் பறிக்கவாச்சும் பழக்கு."

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். படிப்பு ஏறாவிட்டால் கைவேலையாம். ஏன், கைவேலைக்குக் கை வேண்டாமா? சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல், பாதிச் சோற்றை மடியில் சிந்தி, பலகையில் 'அ' எழுதினால் மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கை, செடியைக் கண்டதும் திருந்திவிடுமா? இத்தனை நாள் இது தனக்கே உறைக்கவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"ஏனுங்க டீச்சர், பழமும் பறிக்க வரலீங்க. ரெண்டுக்கும் ஒரே கைதானுங்களே. இங்கயும் வேண்டாம், அங்கயும் வேண்டாம்னா இவ எங்கதானுங்க போவா? ஒருக்கா பாடத்த வாயால கேட்டுப் பாருங்க."

"வாயால சொன்னா எப்படிம்மா மார்க் போடறது? அம்பது புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் படற பாடு உனக்கென்ன தெரியும்?" டீச்சருக்கும் நிஜமாகவே அலுத்துப் போயிருந்தது. "சரி, சொல்லு தங்கம்மா. மழ எப்படிப் பேயுது?"

"கடல்தண்ணி வெயில்ல ஆவியாகி மேகமாவுதுங்க டீச்சர். அது காத்துல வந்து மலையில முட்டி..."

டீச்சர் கையை நீட்டித் தடுத்தாள். "இதத்தாண்டி எழுதச் சொல்றேன்!"

"அத நீங்க எழுதிக்கோங்களேன்," என்றாள் காளியாயி.

"நல்லாருக்கு கூத்து." டீச்சர் முறைத்தாள். பிறகு ஒரு தாளை வெடுக்கென்று இழுத்து மேஜையில் போட்டுப் பேனாவைத் திறந்தாள். "சொல்லித் தொலை. முதல்ல இருந்து."

தங்கம்மா ஆரம்பித்தாள். கடலில் தொடங்கி, மேகம், காற்று, மலை, ஓடை, ஏரி என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தாள். பேனா பின்னால் ஓடியது. ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பியும் அவள் நிறுத்தவில்லை.

"மெதுவா சொல்லு கண்ணு," டீச்சர் பேனாவை வைத்துவிட்டு விரல்களை உதறினாள். "என் கை வர மாட்டேங்குது."

தங்கம்மா நிறுத்தினாள். உதறிக்கொண்டிருந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.