பத்தடிக் கோவேறு கழுதை

போரில் எனக்குக் கிடைத்த பதவி, மலைச்சரிவில் ஒரு கிடங்குக் கொட்டகையும் ஒரு கோவேறு கழுதையும். எட்டு நாளைக்கொரு தடவை மேலேயிருந்து ஆட்கள் வந்து ரொட்டியும் மின்கலமும் வாங்கிப் போவார்கள். மற்ற ஏழு நாள், பேச்சுத்துணைக்கு அந்தக் கழுதைதான்.

அதற்கு நான் வைத்த பெயர் முதலாளி. வந்த புதிதில் இம்மியும் அசையாது. ‘நட’ என்றால் எனக்கா சொன்னாய் என்பதுபோல் பார்க்கும். ஒருநாள் மேலேயிருந்து வந்தவன் கூடுதலாக இரண்டு போர்வை கேட்டு அரித்தெடுத்தான். ஜவுளிக்கடைக்காரர் மகன் நான். பழக்கதோஷத்தில், “கட்டாதுப்பா” என்றேன். முதலாளி விறுவிறுவென்று பத்தடி நடந்து நின்று, திரும்பிப் பார்த்தது.

விஷயம் புரிந்துவிட்டது. பட்டாளம் பிடித்து வருமுன் அது ஏதோ ஒரு தெரு வியாபாரியின் துணிமூட்டையைச் சுமந்திருக்கிறது. அவர் ‘கட்டாது’ என்றதும் கிளம்ப வேண்டும். பத்தடியில் நிற்க வேண்டும். வீட்டுக்காரம்மா ‘சரி, வாங்க, பேசிக்கலாம்’ என்றால் திரும்ப வேண்டும்.

அன்றிலிருந்து ஊற்றுக்கும் கொட்டகைக்கும் இடையே முந்நூறு அடி, முப்பது பேரம். இல்லாத புடவைக்கு விலை சொல்லி, நானே அடிமாட்டு விலைக்குக் கேட்டு, நானே மறுத்து, தண்ணீர் கொண்டுவந்தேன். வீட்டிலிருந்து கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. அந்த முப்பது பேரம்தான் அன்றாடம் நான் பேசிய பேச்சு.

பனி விழுமுன் கால்நடை டாக்டர் சோதனைக்கு வந்தார். சொன்ன பேச்சு கேட்காத பிராணிகளைக் கீழே அனுப்பி ஏலம் விடுவார்களாம். முதலாளி போனால் பனி உருகும்வரை நான் தனிக்கட்டை.

“நட” என்றார் டாக்டர். அது அசையவில்லை. நான் அதன் காதருகே குனிந்தேன். நடந்தது.

“காதுல என்ன சொன்னீங்க?”

“தைரியம் சொன்னேன் டாக்டர்.”

அதோடு வாயை மூடியிருக்கலாம். பரம்பரை வாய் கேட்குமா? “இதுமாதிரி சரக்கு இந்த மலையிலேயே கிடையாது டாக்டர். சாது. உழைப்பாளி. தீனியும் கம்மி” என்று அளந்துவிட்டேன்.

“அப்படியா? அப்ப இது இங்க இருக்கவேண்டியதில்ல. பீரங்கிப் படைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

சரக்கைப் புகழ்ந்து புகழ்ந்து, விற்கக்கூடாததை விற்றுவிட்டேன்.

அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பத்தடியில் நின்ற முதலாளி, கூப்பிடு என்பதுபோல் என்னையே பார்த்தது. டாக்டர் தட்டினார், தள்ளினார், பையிலிருந்த சர்க்கரையை நீட்டினார். சர்க்கரை மட்டும் போனது.

“என்னய்யா தைரியம் சொன்னீங்க? அதச் சொல்லித் தொலைங்க.”

“அது ஆளுக்கு ஆள் மாறும் டாக்டர்.”

அரைமணி நேரத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு, ‘இந்தக் கிடங்குக்கு மட்டுமே உகந்தது’ என்று தாளில் கிறுக்கினார்.

“டீ போடுறேன், குடிச்சிட்டுப் போங்க டாக்டர். அவசரமில்லயே?”

“இல்லப்பா. பனி மூடுறதுக்குள்ள இறங்கணும்.”

நடந்தார். ஐந்தடி. பத்தடி. நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை.

“சரி, வாங்க, பேசிக்கலாம்” என்றேன், அவர் முதுகைப் பார்த்து.

முதலாளி திரும்பி வந்தது.