மாட்டுக் கொட்டகையில் ஒரு கிராணி

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட்ட வருஷம் அது. காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில், கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரை போட்டுவந்த கன்னையாவுக்கும் வேலை போயிற்று. மனைவி தனலெட்சுமியோடு பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, பால்காரி வள்ளியம்மாவின் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் குடியேறினான். தோட்டத்தில் கழித்துப் போட்ட பழைய தகரங்கள் ஒரு கட்டு மட்டும் கூட வந்தது.

கையில் தொழில் இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. ஒரு பலகையில் தாரைத் தொட்டு 'கன்னையா, கூரை வேலை' என்று எழுதித் தெருமுனையில் நட்டான். ஒரு மாதத்தில் அதனால் பயனடைந்தவை இரண்டு ஆடுகள்தான். முதுகு சொறிந்துகொண்டன.

"ஒழுகுற கூரையத்தான் அண்ணாந்து பாப்பாங்க. ஒழுகாத கூரைய எவன் பாக்குறான், போட்டவன எவன் நெனைக்கிறான்?" என்று கன்னையா புலம்புவான். பாவம், அவன் போட்ட கூரை எதுவும் ஒழுகியதில்லை.

வேறு வழியில்லாமல், வேலையற்றவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் இலவசக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தான். அடுத்த வாரக் கடைசியில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பல். தனலெட்சுமிக்கு ஏழு மாதம். காப்பாரில் பிறந்தவள், கப்பல் போகும் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. "அங்க நமக்கு யாருங்க இருக்கா?" என்று ஒரே தடவை கேட்டாள்.

பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் கீற்றுக் கூரை மக்கிப்போயிருந்தது. வள்ளியம்மா கன்றுக்குட்டிக்குச் சாக்கைப் போர்த்த, சாக்கும் நனைந்தது. மழை விட்டதும் கன்னையா தகரக் கட்டை அவிழ்த்தான்.

"அத வித்தா கப்பல்ல கைச்செலவுக்கு ஆகும் தம்பி," என்றாள் வள்ளியம்மா.

"கன்னுக்குட்டி இருமுதுக்கா," என்று சொல்லிவிட்டு அவன் மேலே ஏறினான்.

இரண்டு நாளில் கொட்டகைக்குத் தகரக் கூரை வந்தது. ஆணி போன ஓட்டைகளையெல்லாம் தார் வைத்து அடைத்தான். விளம்பரம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அந்த நினைப்பு வள்ளியம்மாவுக்குத்தான் வந்தது.

காலையில் முப்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள் அவள். மழை பெய்த மறுநாள் எந்த வீட்டுக் கூடத்தில் அண்டா இருக்கிறது, எங்கே வாளி இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலில் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசம்புவின் வீட்டில் ஆரம்பித்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், சொந்த வீடு கட்டியவர், சற்றுப் பெருமைக்காரர்.

"எங்க மாடு விடிய விடிய காஞ்ச தரையில படுத்திருக்கும்மா," என்று அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டே பாலை ஊற்றினாள். "உங்க கூடத்துல இன்னைக்கு எத்தன அண்டா?"

உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்த சிவசம்புவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மாலை கொட்டுகிற மழையில் கோட்டும் குடையுமாக அவர் கொட்டகைக்குள் நுழைந்தார். குடையை மடக்கிவிட்டு, மாட்டின் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை நீட்டியபடி கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். கையில் ஒரு சொட்டு விழவில்லை. தின்ன ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று மாடு அவர் கோட்டுக் கையை நக்கியதுதான் மிச்சம்.

"நீர்தானோ இதைப் போட்டது?" என்று, சத்தம் கேட்டு வந்து நின்ற கன்னையாவிடம் கேட்டார்.

"ஆமாங்க ஐயா," என்றான் கன்னையா.

"மூண்டு வருஷமா என்ர வீடு ஒழுகுது. நாளைக்கு வாரும். ஒரு மாச வேலை இருக்கும்."

"அடுத்த வாரம் கப்பலுங்க ஐயா. பேர் குடுத்துட்டேன்."

"கப்பலுக்குப் போற ஆளெண்டால் எனக்குச் சரிவராது."

"அவர் போகலைங்க," என்று அறை வாசலிலிருந்து குரல் வந்தது. வேற்று ஆள் முன்னால் தனலெட்சுமி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப்பிறகு சிவசம்பு ஆபீஸிலும் கோயிலிலும் கன்னையாவின் புகழ் பாடினார். மாட்டோடு நின்ற கதையை மட்டும் விட்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் வள்ளியம்மா இருந்தாளே. வார முடிவுக்குள் ஐந்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் எல்லாருமே கொட்டகைக்குள் போய் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

கப்பல் புறப்பட்ட நாளன்று கன்னையா சிவசம்பு வீட்டுக் கூரைமேல் இருந்தான். சாயங்காலம் இறங்கி வந்தவன் நேரே கொட்டகைக்குப் போனான். தனலெட்சுமியும் பின்னாலேயே வந்தாள். வள்ளியம்மா பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க வாய் தொறக்கலேன்னா இந்நேரம் நாங்க நடுக்கடல்ல..." என்று கன்னையா கைகூப்பினான். பெற்ற தாய்கூடச் செய்திருப்பாளா என்று மனசு கிடந்து தவித்தது.

வள்ளியம்மா திரும்பவில்லை. "ஒழுகாத கூரைய யாரு பாக்குறான்னு கேப்பியே தம்பி. மழை பேஞ்சா நான் பாக்குறேன். போட்டவனையும் நெனைச்சுக்கிறேன்."

செம்பில் பால் விழும் சத்தம் நிற்கவில்லை. கன்னையா கும்பிட்ட கையை இறக்காமலே நின்றான்.