வடிகட்டி விழுங்கிய நச்சு

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் நூறு சார். அவர் கை வைத்தால் எந்தச் சோதனையும் நூறு சதவீதம் காட்டும். கடவுளுக்குக்கூட அத்தனை துல்லியம் வாய்க்கவில்லை. படைப்பைப் பார்த்தாலே தெரிகிறதே.

நாங்கள் விற்கும் குழந்தைகள் இருமல் மருந்து நாள்பட்டால் அதில் ஒரு நச்சு சேரலாம். அதைக் கண்டுபிடிக்கப் புது முறை வந்திருந்தது. முறையை நம்பலாமா என்று பார்க்க, சுத்தமான மருந்தில் தெரிந்த அளவு நச்சை நாமே கலந்து, வடிகட்டி, கருவியில் ஏற்ற வேண்டும். போட்டதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் ரெகவரி. எனக்கு அறுபது சதவீதம்தான் வந்தது. மறுபடி செய்தேன், அதேதான். மீதியை வடிகட்டியே விழுங்கிவிட்டது. அதாவது மருந்தில் நிஜமாகவே நச்சு இருந்தாலும் முறை குறைத்துத்தான் காட்டும். என் அக்கா மகன் அந்த மருந்தைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

நூறு சார் சிரித்தார். "இத்தனை வருஷமா இருக்கே, இதுகூடத் தெரியலையா? முதல்ல வடிகட்டு. அப்புறமா நச்சைக் கல. போட்டது போட்டபடி வரும்."

"நிஜ மருந்துல இருக்கிற நச்சு வடிகட்டி வழியாத்தானே சார் வரணும்?"

"நிஜ மருந்துல நச்சு இருக்குன்னு யாரு சொன்னா? சரக்கு நாளைக்குப் போகணும். நூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

பிரமாதம். நச்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான் முறையே. அது இல்லை என்பதால் முறை சரியாம். பூனை கண்ணை மூடிக்கொண்டு, பூலோகம் இருண்டதற்கு என்னிடம் கையெழுத்துக் கேட்டது.

அப்போது அவருடைய மகள் போனில் கூப்பிட்டாள். பேத்திக்கு இருமலாம். சார் குரல் வெண்ணெயாக உருகியது. "வர்ற வழியில மருந்து வாங்கிட்டு வரேம்மா."

"வாங்குவானேன் சார்? இங்கயே பெட்டி பெட்டியா இருக்கே, ஒண்ணு எடுத்துத் தரட்டா?" என்றேன்.

"ஐயோ, அது வேணாம்மா! எங்க வீட்ல அதைக் கொடுக்கறதில்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அறுபது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த இருமல் மருந்தைக் கொட்டிடு."

"எங்கடி கொட்டறது? நேத்தே குடிச்சு முடிச்சுட்டான். இன்னொரு பாட்டில் கொண்டு வான்னு சொல்ல நானே கூப்பிட இருந்தேன்."