தென்னை மூட்டுத் தேனீக்கள்

மூன்றாவது கரண்டித் தேன் உள்ளே இறங்கவில்லை. பொன்னுலிங்கத்தின் கடைவாயில் வழிந்து தாடிக்குள் போனது. மனைவி நேசம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, ஒரு சொட்டு எறக்குங்கோ. தெம்பு வரும்" என்றாள்.

அவர் கண் திறக்கவில்லை. விடிந்ததிலிருந்து நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும், படுத்துக் கிடக்கிறவருக்கு என்ன ஓட்டம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. தேன் வாடைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக ஒரு தேனீ வந்தது. நேராக வந்து அவர் மேலுதட்டில் உட்கார்ந்தது. விசிறியால் விரட்டினாள். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேயே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

எல்லாம் அவர் வளர்த்த தேனீக்கள். நாகர்கோவில் கடைத்தெருவுக்குப் பின்னால் நாலு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னத் தோட்டம் அவர்களுடையது. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, சுவர் முழுக்கச் செம்பருத்தி. அஞ்சலாபீசில் கிளார்க்கான பொன்னுலிங்கம் மார்த்தாண்டத்துப் பக்கம் யாரோ மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தானும் ஒரு பெட்டி வாங்கி முருங்கை நிழலில் வைத்தார். டவுனில் தேனீக்கு ஏது பூ என்று ஆபீசில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் பிறகு ஆளுக்கொரு குப்பியோடு வந்து நின்றார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்குத் தீராத தாகம் பிடித்தது. ஆள் பாதியாக இளைத்தார். ஆஸ்பத்திரிக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர், நீரிழிவு என்று சொல்லிவிட்டு நேசம்மாளைத்தான் கூப்பிட்டார். "பாதி வைத்தியம் உங்க கையிலதாம்மா இருக்கு. சர்க்கரையை அவர் கண்ணுலயே காட்டாதீங்க."

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டிலிருந்த சர்க்கரைப் பானையை, அச்சு அச்சாக அடுக்கியிருந்த வெல்லத்தோடு அப்படியே தூக்கி அடுத்த வீட்டு ஞானப்பூவிடம் கொடுத்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டுமென்று கருப்பட்டியையும் நிறுத்தினாள். கிறிஸ்துமசுக்கு முந்திரிக்கொத்து சுட்டபோது, சர்க்கரைப்பாகு சேர்த்தது என்பதால், அவர் ஒன்றே ஒன்று என்று கை நீட்டியும் டின்னை மூடிவிட்டாள். அவர் முகம் தொங்கிப்போனது. அவளுக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, ஆனால் மனிதர் பிழைக்க வேண்டுமே. அதற்குப் பதிலாகக் கோட்டாற்றுக் கடையிலிருந்து வெள்ளைச் சீனி வரவழைத்து, காப்பியில் இரண்டு கரண்டி தாராளமாகப் போட்டாள். காலையில் வெறும் வயிற்றில் தேன். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று அவர் கரண்டியையும் சேர்த்து நக்குவார். மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். சர்க்கரைதான் வீட்டிலேயே இல்லையே என்று அவர்கள் போகவில்லை.

அப்போதுதான் தேனீக்கள் செம்பருத்தியை விட்டன. விடிந்ததும் பெட்டியிலிருந்து கிளம்பி நேராகத் தென்னை மூட்டில், அடிமரத்தோரம் இறங்கின. இரவில் ஏழெட்டுத் தடவை அவர் எழுந்துபோய்ச் சிறுநீர் விடுகிற இடம். அந்த ஈர மண்ணில் கறுப்பாக மொய்த்தன.

"பாத்தியா, நம்ம தென்னை மட்டும் மூட்டுல பூத்திருக்கு" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தபிறகு அவளுக்கு என்னவோ போலிருந்தது. பூவில்லாத மண்ணில் தேனீக்கு என்ன வேலை என்று அன்று முழுவதும் அடிக்கடி போய்ப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு ஏறிய நெஞ்சு இறங்கியது, பிறகு ஏறவில்லை. சாத்திய ஜன்னலுக்கு வெளியே தேனீக்கள் பலகையில் முட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

உபதேசியார் வந்து ஜெபம் செய்தார். வந்த பெண்கள் எல்லாம் நேசம்மாளைக் கட்டிக்கொண்டு ஒரே பாட்டைப் பாடினார்கள். ஒரு துண்டு சர்க்கரை கொடுக்காமல் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாளே, இவளைப்போல யார் பார்ப்பார்கள் என்று. தான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது மிஞ்சியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் முத்துநாயகம் வந்து சேர்ந்தான். பொன்னுலிங்கத்தின் தம்பி, அங்கே ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்தபின், கட்டிலடியில் இருந்த தேன்குப்பியையும் கரண்டியையும் பார்த்தான். கண் அதிலேயே நின்றது.

"இது யாருக்கு மைனி?"

"அண்ணனுக்குத்தான். வேற என்ன குடுத்தேன்? தேனும் சீனிக் காப்பியுந்தான். சர்க்கரைய நான் கண்ணுல காட்டல்ல தம்பி."

அவன் யோசிக்காமல்தான் சொல்லியிருப்பான், வாயில் வந்துவிட்டது: "மெட்ராஸ்காரனுக்கு சீனிதான் சர்க்கரை, மைனி. நம்ம சர்க்கரைய அவன் வெல்லம்னு சொல்லுவான்."

"அப்பம், தேனுமா?"

முத்துநாயகம் குப்பியை எடுத்து வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தான். "யாருட்டயும் சொல்லாண்டாம்" என்றான் தாழ்ந்த குரலில். அதுவரை அழுதுகொண்டிருந்த நேசம்மாள் அதற்குப்பிறகு அழவில்லை. சவப்பெட்டியை மூடும்போதுகூட அப்படியே இருந்தாள். துக்கத்துல மரத்துப்போச்சு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். தென்னை மூடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. தேனீக்கள் வழக்கம்போல வந்து இறங்கின. மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன, எழும்பின, மறுபடியும் இறங்கின.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஞானப்பூ தன் வீட்டிலிருந்து கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று தம்ளரைக் கையில் திணித்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் நேசம்மாள்.

"பயப்படாண்டாம் அக்கா. ஒங்க வீட்டு வளக்கம் எனக்குத் தெரியாதா? சர்க்கரை ஒரு பொடிகூடப் போடல்ல. நல்ல வெள்ளச் சீனிதான்."

நேசம்மாள் தம்ளரைப் படியில் வைத்தாள். ஞானப்பூ பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தென்னை மூட்டிலிருந்து ஒரு தேனீ கிளம்பி வந்து தம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு. விசிறி நேசம்மாள் மடியில்தான் கிடந்தது, அவள் எடுக்கவில்லை.