குமிழ் இல்லாத ரேடியோ

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், இனிக் கடல் காற்று ஈரத்தோடு ஏறிவிடும், அதற்குள் முதல் பூச்சு காயாவிட்டால் அரக்கு மெருகு வெளுத்துப் பால் பூத்தாற்போல் ஆகிவிடும், மரச்சாமான் செய்தே பிழைக்கிற எங்கள் தமியாத்தா ஊரில் இது எல்லாருக்கும் தெரியும், என் அண்ணன் ரஃபாத்துக்கு மட்டும் தெரியாது. "நாளைக்கே வேணும்." நாளை அவன் மகனின் கல்யாணச் சாமான்கள் வண்டியில் ஊர்வலம் போகின்றன, கட்டில், அலமாரி, மெத்தைகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் அப்பாவின் ரேடியோ. "தெருவே பாக்கணும் இன்ஷிராஹ். மூஞ்சி தெரியற மாதிரி தேய்ச்சுக் கொடு." யார் மூஞ்சி? பட்டறை நாற்காலிகளுக்கு மெருகு போடுகிறவள் நான், மொட்டைமாடியில் முட்டி போட்டுத் தேய்க்க நான், உச்சியில் ஏற்றிக் காட்ட அவன்... சரி என்றுதான் சொன்னேன். ஏன் சொன்னேன்?

ஒலிக் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பெட்டியைக் கொடுத்தான். "நீ தொலைச்சிடுவ." எனக்குப் பேரன் இருக்கிறான், நான் ஒரு குமிழைத் தொலைத்துவிடுவேனாம். அப்பாவும் இதையேதான் செய்தார், காலையில் பாலாடைக்கட்டிக் கடைக்குக் கிளம்பும்போது குமிழை உருவிப் பையில் போட்டுக்கொள்வார், பகலெல்லாம் ரேடியோ வாயடைத்து நிற்கும், மாலையில் அவர் வந்து செருகினால்தான் வீட்டுக்குக் குரல். குமிழ் இல்லாத தண்டை இடுக்கியால் திருகியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது, அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. முன்னறையில் ஆண்கள், அடுக்களையில் நாங்கள், நடுவில் ஒரு திரை. அப்பா போன பிறகு இந்த ஒன்றைத்தான் கேட்டேன், வீட்டைக் கேட்கவில்லை, கடையைக் கேட்கவில்லை. அம்மாதான் முடித்துவைத்தாள். "ஆம்பளைங்க சாமான்டி அது. புள்ளைக்குத்தான் போகணும். உனக்கும் எனக்கும் அதுல என்ன வேலை?" இதோ, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து முலூகியா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், அந்த ஊர்வலத்தின் விருந்துக்கு.

இதில் ஒரு கறை வேறு. பழைய மெருகையும் அழுக்கையும் ஸ்பிரிட்டால் கழுவிய பிறகுதான் தெரிந்தது, இடப்பக்கப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்மஞ்சள், மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அண்ணனின் பிள்ளைகள் எதையாவது கொட்டியிருப்பார்கள், கொட்டுவது அவர்கள், துடைப்பது நான். உப்புத்தாள் போட்டேன், போகவில்லை, இன்னும் அழுத்தினால் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு கிழியும், கறுஞ்சாயம் பூசி மறைத்துவிடலாம், வண்டி உச்சியில் யாருக்குத் தெரியப்போகிறது... மறுபடி தேய்த்தேன், தேய்த்த சூட்டில் ஒரு வாசம் வந்தது. எண்ணெய். அதற்குள் கிராம்பு. கிராம்பு போட்டு மருதாணி குழைப்பது இந்த வீட்டில் ஒருத்திதான், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் தலைக்கு வைத்துக்கொள்கிறாள்.

இடப்பக்கம். ரேடியோவின் இடப்பக்கம்தான் திரையைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மாலையில் அம்மா அங்கேதான் நிற்பாள், அப்பா தேநீர் கேட்டால் உடனே கொடுக்க நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். "இந்த இரைச்சல்ல தலைய வலிக்குது" என்று அந்தப் பலகையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்வாள், நாங்கள் சிரிப்போம், வலி தருவதிலேயே போய்ச் சாய்கிறாளே என்று. எத்தனை வருஷம் சாய்ந்தால் அரக்கைத் தாண்டி மரத்துக்குள் எண்ணெய் இறங்கும்? மெருகு போடுகிற எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது, அப்பாவிடம் வருகிறதா, அண்ணனிடமா, ஒரு வார்த்தை சொல்லாத இவளிடமா... என் காதை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

நிமிர்ந்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கீரைத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். கறையைப் பார்க்கவில்லை, கறுஞ்சாயக் கிண்ணத்தைப் பார்த்தாள், அதைக் காலால் மெல்ல ஒதுக்கினாள். கீழே தெருவில் அண்ணன் யாரிடமோ வண்டிக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா கீரைச்சாறு படிந்த விரலால் முகப்பைத் தடவினாள், குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் விரல் நின்றது.

"குமிழை ஏன்டி அவன்கிட்ட விட்டே?"