மை காயும்வரை

குழிக்குள் பெட்டியை இறக்கக் கயிற்றைப் பிடித்தவர்களைப் பிரிஜிட் கை காட்டி நிறுத்தினாள். பாதிரியார் தாக்வெல்லின் ஏட்டில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததை அப்போதுதான் எட்டிப் பார்த்தாள். ‘ஹனோரா. மணமாகாதவள்.’

இருபத்திரண்டு வருஷம் குடித்தனம், ஐந்து பிள்ளைகள். அவர்களோடு ஒரே கைதிக் கப்பலில் வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் ரகசியமாகச் செய்துவைத்த கல்யாணம். ஆங்கிலத் திருச்சபைக்காரரான தாக்வெல்லுக்குத் தன் கோயிலில் நடக்காதது கல்யாணமே இல்லை. சிட்னிக்கு மேற்கே அந்தக் குடியேற்றத்தில் எல்லாமே அவர்தான். ஞாயிறு பிரசங்கம், திங்கள் நீதிபதி, மற்ற நாளெல்லாம் கோதுமை. அவருடைய திங்கட்கிழமைகள் அப்பா மலக்கியின் முதுகில் சவுக்கடித் தழும்பாக இருந்தன.

விடியற்காலையில் அம்மா கேட்டது ஒன்றுதான். செத்த பிறகாவது உங்கப்பன் பெண்டாட்டி என்று எழுதச் சொல்.

பிரிஜிட் அதைப் பாதிரியாரிடம் சொன்னாள். பொய் எழுத முடியாது என்றார் அவர். அப்பா அவள் கையை இழுத்தார், விடும்மா என்று.

மேட்டில் பாதிரியாரின் கோதுமை முற்றி நின்றது. மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. அறுப்பு ஆட்கள் அத்தனை பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். தண்டனை முடிந்தவர்கள், யாரும் அதட்டி வேலை வாங்க முடியாது. பிரிஜிட் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துப் பெட்டிமேல் வைத்தாள்.

“எங்கம்மாவ ஒழுங்கா அடக்கம் பண்ற வரைக்கும் எங்களுக்குத் துக்கம், ஐயா. துக்கத்துல நாங்க அறுக்க மாட்டோம்.”

ஒவ்வொருவராக வந்து அரிவாளை வைத்தார்கள். கடைசியாக அப்பா வைத்தார்.

பாதிரியார் மேகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு சொல்லை அடித்து, மேலே எழுதினார்.

“வாசிங்க.”

“ஹனோரா டியர்னி. மலக்கி டியர்னியின் மனைவி.”

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

உரக்க வாசித்தார். கூட்டம் தொப்பிகளைக் கழற்றியது. பிரிஜிட்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டோம் அம்மா என்று பெட்டியைத் தட்டிச் சொன்னாள்.

அவசரமாக ஏட்டை மூடப்போனார் பாதிரியார்.

“மை காயட்டும்,” என்றார் அப்பா.

கோதுமைமேல் முதல் தூறல் விழுந்தது. யாரும் அசையவில்லை. அப்பா தன் தொப்பியை ஏட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்த வரியை மெதுவாக ஊதினார்.