வுலான் பேரில் ஒரு வீடு

ஜோதிலட்சுமிக்கு அறுபது வயது முடிந்த மாதமே வீடும் முடிந்துபோனது. அணுசக்தி ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக முப்பத்தோரு வருஷம் உழைத்ததற்குச் சால்வை போட்டார்கள், நாலு பேர் நாலு நல்ல வார்த்தை பேசினார்கள், கூடவே குவார்ட்டர்ஸை எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற கடிதத்தையும் கையில் கொடுத்தார்கள். நாலு மாதம் அவகாசம்.

குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு வீடு என்றால் என்ன என்று தெரியாது. குழாய் ஒழுகினால் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள், ஆள் வருவான். சுவரில் ஆணி அடிப்பதற்குள் ஏழு தரம் யோசிப்பார்கள், ஏனென்றால் சுவர் சர்க்காருடையது. இப்படியே தலை நரைத்தவர்களைத் திடீரென்று சொந்த வீடு பார்க்கச் சொன்னால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கும்.

ஆனால் அவள் புருஷன் செங்கல்வராயனுக்கு எல்லாம் தெரியும். மாமல்லபுரம் ஹோட்டல்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியே உலகத்தைப் பார்த்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. கேளம்பாக்கத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு ஃபிளாட்டைப் பார்த்துவைத்துவிட்டு, பால்கனியிலிருந்து கடல் தெரியும் என்று பத்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் எதிர் பிளாக்கில் காயப்போட்ட நைட்டிகள்தான் தெரிந்தன.

"அந்த ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல நல்லா பாரு ஜோதி. நீலமா கீது."

"அது சின்டெக்ஸ் டேங்குங்க."

ஜோதிலட்சுமியின் மனசு ஏற்கெனவே வேறு ஒரு இடத்தில் குடியேறியிருந்தது. அது ஜகார்த்தா நகரத்தின் நட்டநடுவில், ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து. மகன் தமிழ்வாணனுக்கு அங்கே ஒரு நூல் மில்லில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வுலான் என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தச் செய்தியைக் கேட்டு ஜோதிலட்சுமி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் இரண்டு மாத விசாவில், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அங்கே போனாள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் வுலானின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தச் சந்தில் குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாது. மோட்டார் பைக்கில் வருகிறவன் சந்து முனையிலேயே இறங்கி, என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். யாராவது திமிராக ஓட்டி வந்தால் ஐந்து வீட்டுக் கதவு திறக்கும், ஐந்து பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இது ஜோதிலட்சுமிக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மாதம் ஒருநாள் பெண்களெல்லாம் ஒரு வீட்டில் கூடிப் பணம் போட்டுக் குலுக்கல் எடுப்பார்கள். அட, நம்ம ஊர்ச் சீட்டு! இரண்டாவது மாதமே அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பத்து வார்த்தை, அதில் ஆறு சாப்பாட்டு வார்த்தை. அணுபுரத்தில் என்ன பதவி, எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்டுவிட்டு அதற்குத் தக்கபடி சிரிப்பார்கள். அந்தச் சந்தில் அவள் என்ன டைப் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை.

வுலானின் அம்மா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு விலைக்கு வந்தது. கீழே ஒரு ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே நாலு சின்ன அறைகள். சுற்றுவட்டாரத்து ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். மேல்மாடி சம்பாதிக்கும், கீழே நாம் இருக்கலாம், வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே ஒரு சின்ன வாடகை வீட்டில் என்று தமிழ்வாணன்தான் முதலில் சொன்னான். ஊரின் நடுவில் இருக்கும் இடம், விலை இறங்கவே இறங்காது என்றான். கேளம்பாக்கம் ஃபிளாட்டும் அந்த வீடும் ஏறக்குறைய ஒரே விலை, அவளுக்கு வந்த ரிட்டயர்மென்ட் பணத்தில் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும். ஜோதிலட்சுமி சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வரைக்கும் போய்விட்டாள்.

ஆகஸ்டில் வுலான் பத்து நாள் லீவில் தனியாக அணுபுரம் வந்தாள். தமிழ்வாணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கொண்டுவந்த பையில் மாமியாருக்கு ஒரு பூப்போட்ட துணி, மாமனாருக்குக் காபித்தூள், அடியில் ஒரு ஃபைல்.

அந்த ஃபைலில்தான் வினை இருந்தது. அந்த நாட்டில் இந்த மாதிரி வீட்டை வெளிநாட்டுக்காரர் தன் பேரில் வாங்க முடியாது. வுலான் பேரில்தான் வாங்க வேண்டும். அது ஜோதிலட்சுமிக்கு முன்பே தெரியும், அதை விழுங்கியும் இருந்தாள். ஆனால் வுலான் வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டவள் என்பதால் அவளும் சும்மா வாங்கிவிட முடியாதாம். என் சொத்து வேறு, என் மனைவி சொத்து வேறு, அவள் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று புருஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் முடியும்.

செங்கல்வராயன் குதித்தார். "இது நம்ம ஊரு விடுதலைப் பத்திரம்டி! டப்பு நம்முது, பேரு அவுளுது, புள்ளைக்கு நாமம். நல்லா கீதே கதை!"

போனில் தமிழ்வாணனும் அதே பாட்டைத்தான் பாடினான். "எனக்கே போன மாசம்தான்மா தெரியும். நான் கையெழுத்து போட்டா அந்த வூட்ல ஒரு செங்கல் கூட எனக்குக் கெடையாது. நீ பேசாம கேளம்பாக்கத்த முடி. அது உன் பேர்ல இருக்கும், அப்பால எனக்கு வரும்."

வுலானுக்குத் தமிழ் பாதி புரியும். முக்கியமான பாதி நன்றாகவே புரியும். அவள் ஃபைலை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டு, காய்ந்த துணியை மடிக்கப் போனாள்.

விடுதலைப் பத்திரம் என்ற வார்த்தை ஜோதிலட்சுமிக்குப் புதிதல்ல. அதைப் போட்டுக் கொடுத்தவள் அவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா காரியம் முடிந்த இரண்டாவது மாதம் அண்ணன்கள் இரண்டு பேரும் காரில் வந்து அவளைத் திருக்கழுக்குன்றம் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு உண்டு, அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. தட்டில் பட்டுப்புடவை, வெற்றிலைபாக்கு, பூ. பத்திரம் எழுதுகிறவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார், அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். ஸ்டோர்ஸில் ஒரு போல்ட்டு வந்தாலும் பில்லை வரி விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், அன்றைக்குப் படிக்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் அண்ணன்கள் முகம் சுருங்கிவிடும் என்று நினைத்தாள். அப்புறம் ஹோட்டலில் பூரி கிழங்கு வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது அப்பா வீட்டுக்குப் போனால் ஹாலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காபி சாப்பிடறீங்களா என்று கேட்கிறார்கள். பிறந்த வீட்டில் காபி சாப்பிடறீங்களா என்று கேட்கப்படுவதை மாதிரி ஒரு அவமானம் வேறு இல்லை. நிலம் போனது கூட அவளுக்கு ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

மறுநாள் காலையில் செங்கல்வராயன் சவாரிக்குப் போன பிறகு அவள் வுலானைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பேப்பரை எடு. படி."

"எல்லாம்மா?"

"ஒரு வரி விடாத."

வுலான் ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ், இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ், இரண்டும் போதாத இடத்தில் செல்போன். நாலு பக்கத்தைப் படிக்க மதியம் ஆகிவிட்டது. எந்த இடத்திலும் அவள் இனிப்புத் தடவவில்லை. இல்லை என்று எழுதியிருந்த இடத்தில் இல்லை என்றே சொன்னாள்.

ஜோதிலட்சுமி கேட்டாள். "நான் செத்துப்போனா வூடு யாருக்கு?"

"எனக்கு அம்மா."

"அவன் உன்னை விட்டுட்டுப் போனா?"

"எனக்கு."

"நீ அவனை வேணாம்னு சொன்னா?"

வுலான் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள். "அப்பவும் எனக்குதான் கீது."

அவள் பேச்சில் 'கீது' எல்லாம் தாராளமாக வரும். தமிழ் கற்றுக்கொண்டதே ஜோதிலட்சுமியோடு போனில் பேசித்தான். வேறு நாளாக இருந்தால் ஜோதிலட்சுமி சிரித்திருப்பாள்.

"இன்னொண்ணு," என்றாள் வுலான். "இது பேப்பர்ல இல்ல. பெரிய மழை வந்தா சந்துல தண்ணி வரும். முட்டி வரைக்கும். எல்லா வருஷமும் இல்ல. ஆனா வரும். அப்ப எல்லாரும் மேல் ரூம்ல இருப்போம், மூணு நாள். தமிழ் சொன்னாரா?"

தமிழ் சொல்லவில்லை. விலை இறங்காது என்று மட்டும் சொன்ன பிள்ளை, தண்ணீர் ஏறும் என்று சொல்லவில்லை. ஜோதிலட்சுமிக்குப் பெற்ற வயிறு எரிந்தது.

"அம்மா, உங்க காசு பெருசு. முப்பத்தோரு வருஷக் காசு," என்றாள் வுலான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு பயமா கீது. இன்னைக்கு நான் நல்ல பொண்ணு. நாளைக்கு எப்படின்னு எனக்கே தெரியாது. வேணாம்னா வேணாம் சொல்லுங்க. நான் கோவம் பட மாட்டேன். நீங்க வந்தா எங்க அம்மா வூட்ல எப்பவும் இடம்."

அடுத்த நாள் ஜோதிலட்சுமி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, இடையில் ஒருமுறை மாறி, கேளம்பாக்கம் போனாள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு ஒன்பதாவது மாடி ஏறினாள். ஃபிளாட்டுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. டைல்ஸ் பளபளவென்று இருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றாள். அந்த மாடியில் ஆறு வீடு. லிஃப்ட் இரண்டு தடவை திறந்து மூடியது. ஒரு பையன் எதிர் வீட்டு வாசலில் பார்சலை வைத்துவிட்டுப் போனான், பார்சலை எடுக்கக்கூட யாரும் வெளியே வரவில்லை. இங்கே தான் செத்துக் கிடந்தால் பார்சல் கொண்டுவருகிறவன்தான் கண்டுபிடிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பயமாகக்கூட இல்லை, கோபமாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கணக்கும் போடவில்லை. போட வேண்டிய கணக்கு ஒன்றுதான், அதைப் போட்டுவிட்டாள். பென்ஷன் இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பணம் போனால் போனதுதான். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, என்ன போகும் என்று தெரிந்தே கொடுக்கப் போகிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். செங்கல்வராயன் சவாரி முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். வுலான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தமிழு, நீ அந்த அக்ரிமென்ட்ல கையெழுத்து போடு. நான் பணம் அனுப்பறேன்."

"அம்மா! உனக்கு இன்னா ஆச்சு? அவ உன்னை மயக்கிட்டாளா?"

"அவ படிச்சுக் காட்டினா. நீ மழைத்தண்ணிய மறைச்ச."

"அது... உன்னை எதுக்கு பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்மா. சரி, அதை வுடு. கையெழுத்து போட்டா எனக்கு இன்னாமா மிச்சம்?"

"பொண்டாட்டி மிச்சம். சம்பளம் மிச்சம். இருக்க ஒரு வூடும் கீது."

"அவ வூடும்மா அது! நாளைக்கு ஒரு சண்டை வந்து, வெளிய போடான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

செங்கல்வராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளை சரியான இடத்தில் பிடித்துவிட்டான் என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். சமையலறையில் கத்தி நின்றது.

ஜோதிலட்சுமி அவசரப்படவில்லை. போனை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

"அவ அப்படிச் சொல்லாத மாதிரி நடந்துக்கோ, நைனா. பொம்பளைங்க நாங்கல்லாம் அப்படித்தான் இருந்துகினு வந்தோம்."

தமிழ்வாணன் அம்மா என்று ஒரு தரம் கூப்பிட்டான், பிறகு, சரிம்மா, நாளைக்கு நோட்டரிகிட்ட போறேன் என்றான். அவள் போனை அணைத்தாள்.

சமையலறையில் கத்தி மறுபடியும் நறுக்க ஆரம்பித்தது. செங்கல்வராயன் சட்டைப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஜோதி, எனக்கு அங்க இடம் கீதுல்ல?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? வூட்டுக்காரி உள்ள கீறா. அவளைக் கேளுங்க."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. அவர் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். முப்பத்தோரு வருஷம் பெண்டாட்டி பேரில் இருந்த வீட்டில் ஒருநாளும் எதையும் கேட்டுப் பழகாதவர், உள்ளே நுழையாமல் அங்கேயே நின்று தொண்டையைச் செருமினார்.